கயிறு தீர்ந்துபோன ஊர்

ஸ்ரீரங்கனுக்கு வெள்ளிக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. சனிக்கிழமை காலையில் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. சில நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு எந்தச் சனிக்கிழமையாக இருந்தாலும் ஆட்டத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். ஆனால் அன்று அனிருத் வந்திருந்தான். திங்கட்கிழமை அவனுக்கு நியூ ஜெர்சிக்கு விமானம்.

அனிருத், ஸ்ரீரங்கனின் பெரியம்மா மகன். பத்து வயதில் அமெரிக்கா போனவன். இந்த ஆட்டத்தை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்ததே அவன்தான். தொண்ணூற்று மூன்றில் லீவுக்கு வந்தபோது ஒரு தடித்த விதிப் புத்தகத்தையும், இருபது முகம் கொண்ட ஒரு பகடையையும் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனான். புத்தகத்தைப் படித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, கூட ஆட ஆள் பிடித்தவன் ஸ்ரீரங்கன். தி. நகரில் சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பில் அவனோடு படித்த இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி லூயிசா, சாந்தோமில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இன்னொருத்தி அஸ்மத்துன்னிசா, ராயப்பேட்டைக்காரி, டிராவல் ஏஜென்சி ஒன்றில் கணக்கு பார்ப்பவள். லூயிசாவின் தம்பி ஜெஃப்ரி, காலேஜில் படிக்கிறவன், கூப்பிடாமலே வந்து ஒட்டிக்கொண்டான். மூன்று வருடமாக மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஸ்ரீரங்கன் வீட்டு மாடி அறையில், சனிக்கிழமை மதியம்தோறும் ஆட்டம்.

ஆட்டம் எளிமையானது. ஒருவர் மாஸ்டர். கத்தியும் மந்திரமும் இருக்கிற ஒரு பழைய காலத்து உலகத்தை அவர் வாயாலேயே கண் முன்னால் நிறுத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஓடுகிறேன்' என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். அஸ்மத்துன்னிசா திருடி. ஜெஃப்ரி மந்திரவாதி. லூயிசா வைத்தியச்சி. மாஸ்டர் எப்போதும் ஸ்ரீரங்கன்.

அனிருத் வந்து இறங்கிய அன்றே தம்பியின் பழைய ஃபைல்களைப் புரட்டிப் பார்த்தான். "இது கேம் மாதிரி இல்லடா ரங்கா, டெஸ்ட் பேப்பர் மாதிரி இருக்கு. எல்லாமே சுரங்கம், எல்லாமே ரூம். வெளியில காத்தாட ஒருத்தரும் போகவே மாட்டாளா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை ஸ்ரீரங்கன் மற்ற மூன்று பேரிடமும் அப்படியே சொல்லியிருந்தான். எல்லாருக்கும் சுருக்கென்று பட்டது. சனிக்கிழமை ஆட்டத்தில் அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தார்கள். தீபாவளியிலிருந்து ஸ்ரீரங்கன் தயார் செய்து வந்த புதுச் சுரங்கம் ஒன்று இருந்தது. கிராஃப் தாளில் வரைபடம், அறை அறையாகப் பொறிகள், பூதங்கள். அதைச் சொல்ல வேண்டிய வாய்தான் இப்போது மூடிக்கிடந்தது.

அவன் ஃபைலை எடுத்து லூயிசாவின் மடியில் வைத்தான்.

"நானா? எனக்கு மாஸ்டர் வேலை தெரியாதே ஸ்ரீ."

ஸ்ரீரங்கன் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினான். 'உனக்குத்தான் கணீர்னு குரல். அப்படியே வாசிச்சா போதும். எல்லாம் இதுல இருக்கு.'

அவன் அம்மா சூடாமணி சுடச்சுடக் கஷாயத்தோடு மாடியேறி வந்தாள். "நீயே பண்ணு லூயிசா. அவன் வாயத் தொறந்தா எங்கிட்ட சொல்லு" என்று மகனை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

லூயிசா ஆரம்பித்தாள். ஃபைல் இங்கிலீஷில் இருந்தது. பாடப் புத்தகம் வாசிப்பதுபோல வாசித்தாள். பழைய கோட்டை. கோட்டைக்கு வெளியே ஒரு பாழுங்கிணறு. அதன் அடியில் சுரங்கத்தின் வாசல். அனிருத்துக்கு அன்று மாவீரன் வேடம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவன், "கிணறு எவ்வளவு ஆழம்?" என்றான்.

"முப்பது அடி."

"யார்கிட்ட கயிறு இருக்கு?"

எல்லாரும் அவரவர் பாத்திரத்தின் தாளைப் பார்த்தார்கள். கத்தி இருந்தது, தீப்பந்தம் இருந்தது, மந்திரக்கோல் இருந்தது. கயிறு யாரிடமும் இல்லை. ஸ்ரீரங்கன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"சரி, ஊருக்குள்ள போய் வாங்கிண்டு வரலாம்" என்றான் அனிருத்.

லூயிசா ஃபைலைப் புரட்டினாள். ஊரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. 'கிரேவாட்டர் துறைமுகம். சிறிய ஊர். ஒரு சத்திரம் உண்டு.' அதற்குள் ஸ்ரீரங்கனின் அடுத்த தாள் வந்துவிட்டது. 'கயிறு சத்திரத்துலயே கிடைக்கும். குடுத்து கிணத்துக்கு அனுப்பு.'

அவளும் அப்படித்தான் செய்ய இருந்தாள். ஆனால் அனிருத் முந்திக்கொண்டான். "நான் தெருவுல நடக்கறேன். என்ன தெரியறது?"

கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு லூயிசாவுக்குப் பழக்கமானது. டீச்சர் மாட்டிக்கொள்கிறாளா பார்ப்போம் என்று அவள் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகள் தினமும் சிரிக்கிற சிரிப்பு. அந்தப் பிள்ளைகளிடம் அவள் இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

ஃபைலை மூடினாள்.

"தெரியறதுக்கு முன்னாடி வாடை வருது" என்றாள். "கருவாட்டு வாடை. தெருன்னு ஒண்ணு கிடையாது, கால் புதையுற மணல்தான். ரெண்டு பக்கமும் வலை காயுது. படகெல்லாம் கரையிலதான் கிடக்கு, ஒண்ணுகூட கடலுக்குப் போகல. கடைசி குடிசை வாசல்ல ஒரு அம்மா தேங்கா நார் பிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

தமிழில் பேசுகிறோம் என்பதே பேசி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருடத்தில் அந்த அறையில் மாஸ்டரின் வர்ணனையோ பாத்திரங்களின் பேச்சோ ஒருநாளும் தமிழில் வந்ததில்லை. அனிருத் மாவீரனாக இங்கிலீஷிலேயே பேசினான். "குட் மார்னிங், மேடம். எங்களுக்கு ஐம்பதடி கயிறு வேண்டும்."

லூயிசா நாரைப் பிரிக்கிற மாதிரி இரண்டு கையையும் அசைத்தாள். குரல் தானாக மாறியது. அது பட்டினப்பாக்கத்திலிருந்து அவள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற பெண்களின் குரல்.

"இன்னா நைனா, கவுறா? கவுறு ஏது? ஊர்ல இருந்த கவுத்தெல்லாம் காலைலயே மொத்தமா வாங்கினு பூட்டாங்க."

ஜெஃப்ரி வாய்விட்டுச் சிரித்தான். அனிருத் நிமிர்ந்து உட்கார்ந்தான். "யார் வாங்கினா?" என்று தமிழிலேயே கேட்டான்.

யார் வாங்கியது என்று லூயிசாவுக்கும் தெரியாது. கயிறு இல்லை என்று ஏன் சொன்னோம் என்றும் தெரியாது. "அது கேட்டா வூட்டுக்கு ஆள் வரும், நீ போய்க்கினே இரு" என்று சொல்லி நேரம் வாங்கினாள்.

அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஊர்க் கயிறு மொத்தமும் எதுக்கு? கப்பல் கட்டறாங்களா?" என்றாள் அஸ்மத்துன்னிசா. "சண்டை வரப்போறது. கோட்டைச் சுவர் ஏறத்தான்" என்றான் அனிருத். "இல்ல மச்சி, பெருசா ஒண்ணைப் பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கானுங்க" என்றான் ஜெஃப்ரி.

லூயிசா மூன்றையும் கேட்டுக்கொண்டாள். வகுப்பில் கதை சொல்லும்போது அவள் செய்வதும் இதுதான். சிங்கம் எங்கே போச்சு என்று பிள்ளைகளையே கேட்பாள். அவர்கள் சொல்வதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்வாள். தம்பி சொன்னதைக் கேட்டபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"மணல்ல தேங்கா நார் சிந்தியிருக்கு" என்றாள். "கட்டுக் கட்டா கயித்தை இழுத்துக்கிட்டுப் போன தடம். ஆறு கடல்ல சேர்ற பக்கமா போகுது."

ஸ்ரீரங்கன் அவசரமாக ஒரு தாளை நீட்டினான். 'சுரங்கத்துக்கு அழைச்சுண்டு வா!' ஆச்சரியக்குறி தாளைக் கிழித்திருந்தது. லூயிசா அதை வாங்கி, மடித்து, பகடைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆற்றின் வாயை மணல்மேடு அடைத்திருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஈர மணலில், வால் ஒரு கோடியிலும் தலை ஒரு கோடியிலுமாக, ஒரு கடல் நாகம் ஒதுங்கிக் கிடந்தது. தேர் உயரத்துக்கு உடம்பு. செதில் ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு. ஊர்க் கயிறு அத்தனையும் அதன் மேலேதான் இருந்தது, முடிச்சுக்கு மேல் முடிச்சாக. கயிற்றை வாங்கிக் கட்டவைத்த துறைமுக அதிகாரி அதன் கொம்புக்காகக் காத்திருந்தான். உயிர் போனதும் அறுத்து எடுக்க வேண்டும்.

"செத்துடுச்சா அக்கா?" என்றான் ஜெஃப்ரி, நிஜமாகவே மெதுவாக.

"ஒரு கண்ணு திறந்திருக்கு. உன்னைத்தான் பாக்குது."

கீழே சந்தில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அனிருத் எழுந்து மண்டிபோட்டு உட்கார்ந்தான். "கயித்தை வெட்டறேன்."

"வெட்டுங்க. அப்புறம்? மணல்ல அதால நகர முடியாது. கடல் அந்தப் பக்கம்."

அவன் விழித்தான். அஸ்மத்துன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. "அடையாறு வாயில மண்ணு மூடிக்கும்ல, அந்த மாதிரிதானே இது? பின்னாடி மழைத் தண்ணி தேங்கி நிக்கும். மேட்டை வெட்டி விட்டா ஆறே பாய்ஞ்சு போகும். பாம்பையும் தூக்கிக்கிட்டுப் போகும்!"

"வெட்ட ஆள்?" என்றாள் லூயிசா.

"மீன் பிடிக்கிறவங்க இருக்காங்களே, ஊரே இருக்கே."

அப்போதுதான் அனிருத் அந்தக் கேள்வியைக் கேட்டான். சிரிக்காமல், உண்மையாகவே யோசித்துக் கேட்டான். "இரு. அவா எல்லாரும் இங்கயே இருக்கா. ஆத்தைப் பத்தி அவாளுக்குத் தெரியும். அப்போ அவாளே ஏன் இதைப் பண்ணல?"

கதையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருப்பதை லூயிசா கவனித்திருக்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனும் பார்த்தான். சமாளித்து எதையாவது சொன்னால் அனிருத் கண்டுபிடித்துவிடுவான். ஊரை மறுபடியும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். கருவாட்டு வாடை. காய்கிற வலை. கரையிலே கிடக்கிற படகுகள். ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை என்று அவளேதானே சொன்னாள்? ஏன் போகவில்லை?

நார் பிரிக்கிற அம்மாவின் குரலில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு அந்த நிமிடம்தான் அவள் பெயர் வைத்தாள்.

"எம் பேரு தேசம்மா நைனா. எங்க துடுப்பெல்லாம் கோட்டைல பூட்டிக் கீது. அந்தப் பாம்ப எவனாச்சும் தொட்டா அத்தனையும் கொளுத்திருவேன்னு அதிகாரி சொல்லிக்கீறான். துடுப்பு இல்லாங்காட்டி எங்க புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

அனிருத் 'ஹா' என்று மூச்சு விட்டான். பிறகு யாரும் லூயிசாவைச் சோதிக்கவில்லை. ஊரை நம்பினார்கள்.

கோட்டைக் கிடங்குக்கு அஸ்மத்துன்னிசா போனாள். பூட்டைத் திறந்தாள், காவலாளியிடம் மாட்ட இருந்தாள், உப்பு விற்க வந்தவள்போல அழுது நடித்துத் தப்பினாள். ஜெஃப்ரி மந்திரத்தில் பனி மூட்டம் ஒன்றை வரவழைத்தான். அதற்குள் துடுப்புகளைக் கட்டுக் கட்டாக மணலுக்குக் கொண்டு சேர்த்தார்கள். மேட்டை வெட்ட மண்வெட்டிக்கு எங்கே போவது என்று ஜெஃப்ரி கேட்டதற்கு, அனிருத் தொடையில் தட்டிக்கொண்டு கத்தினான். "துடுப்பு! துடுப்பாலயே தோண்டலாம்!"

லூயிசாவுக்கு அது தோன்றவே இல்லை. ஊர் அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்திருந்தது. அவள் பின்னாலேயே ஓடினாள்.

ஆனால் ஊர் ஜனங்கள் வர வேண்டுமே. அனிருத் எழுந்து நின்று, மாவீரன் பேசுகிற மாதிரி, கௌரவம், தைரியம், சுதந்திரம் என்று இங்கிலீஷில் பிரமாதமாக ஒரு உரை நிகழ்த்தினான். லூயிசா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இல்லாத யாரையோ பார்த்து, "தொர இன்னாமே சொல்றாரு?" என்றாள்.

அனிருத்தின் முகம் சிவந்தது. பிறகு, வீட்டில் அவன் அம்மாவிடம் பேசுகிற தமிழில், தடுமாறித் தடுமாறிச் சொன்னான். "அம்மா, அது கண்ணைத் தொறந்து பாத்துண்டே இருக்கு. நான் பாத்தேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒரு தடவ வந்து அதைப் பாருங்கோ, போறும்."

விதிப்படி அந்த இடத்தில் பகடை உருட்ட வேண்டும். ஜெஃப்ரி பகடையை எடுத்து நீட்டிவிட்டான். லூயிசா அவன் கையைத் தள்ளினாள்.

"டைஸ் வேணாம்" என்றாள். "அவங்க வராங்க. எல்லாரும் வராங்க. ஆளுக்கொரு துடுப்பை எடுத்துக்கிறாங்க."

மேடு உடைந்தது. ஆறு பாய்ந்தது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்த அஸ்மத்துன்னிசாவுக்குக் கடைசி முடிச்சில் தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. இதற்குப் பகடை வேண்டும். பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் முடிச்சு அவிழும். இல்லையென்றால் நாகம் அவளையும் இழுத்துக்கொண்டு போகும்.

"யா அல்லா" என்று கையைக் குலுக்கி உருட்டினாள். பகடை தரையில் எகிறி, துள்ளி, பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

எல்லாருக்கும் முன்னால் ஸ்ரீரங்கன் பாய்ந்தான். தரையில் கவிழ்ந்து படுத்து, தலையை பீரோவுக்கு அடியில் விட்டுப் பார்த்தான். "என்னடா? எவ்வளவுடா?" என்று அனிருத் அவன் காலைப் பிடித்து உலுக்கினான். பேச முடியாத ஸ்ரீரங்கன் தலையை வெளியே எடுக்காமலே ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினான். ஐந்து விரல். மூடித் திறந்தான், இன்னொரு ஐந்து. இன்னொரு ஐந்து. பிறகு மூன்று.

அந்தக் கூச்சலில் சூடாமணி பயந்துபோய் மாடிக்கு ஓடி வந்தாள். அஸ்மத்துன்னிசா லூயிசாவைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாவிட்டாலும் சூடாமணியும் சிரித்தாள்.

அடங்கி உட்கார்ந்ததும் அனிருத் கையை நீட்டினான். "ரங்கா, அந்த ஃபைலைக் குடு. இந்த ஊர் எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாக்கணும். நான் எடுத்துண்டு போய் எங்க ஊர்ல பசங்களோட ஆடப்போறேன்."

ஸ்ரீரங்கன் ஃபைலைத் திறந்து அந்த ஒரு வரியைக் காட்டினான். அனிருத் பின்னால் புரட்டினான். அறைகள், பொறிகள், பூதங்கள். தீபாவளியிலிருந்து ராப்பகலாகப் போட்ட கோடுகள். இன்று ஒரு அறைக்குள்கூட யாரும் கால் வைக்கவில்லை.

லூயிசா அப்போதுதான் அதைக் கவனித்தாள். ஸ்ரீரங்கனின் முகத்தைப் பார்க்கத் தயங்கினாள். அவன் துண்டுத் தாளை எடுத்தான், பேனா மூடியைக் கழற்றினான், என்ன நினைத்தானோ, இரண்டையும் கீழே வைத்தான். அம்மா பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தாமல் வாயைத் திறந்தான். கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக வந்தது.

"இது ஃபைல்ல இல்லடா. எங்க லூயிசாவோட ஊர்."

அவ்வளவுதான் பேசினான். சூடாமணி அவனைத் திட்டக்கூட இல்லை. அனிருத் ஃபைலை மூடி அவனிடம் கொடுத்துவிட்டு லூயிசாவைப் பார்த்தான். "டெஸ்ட் பேப்பர்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றான். "இந்த மாதிரி நான் எங்கயும் ஆடினதில்ல. அங்கயும் இல்ல."

கிளம்பும்போது, அந்தச் சுரங்கம் கோட்டைக் கிடங்குக்கு அடியிலேயே இருக்கட்டும், தேசம்மாவின் ஊருக்கு அது வேண்டும் என்று லூயிசா சொன்னாள். ஸ்ரீரங்கன் பலமாகத் தலையாட்டினான். அடுத்த வாரத்திலிருந்து தான் ஆடுகிற பக்கம் உட்காரப்போவதாகவும், தனக்கு மீனவன் வேடம்தான் வேண்டும் என்றும் எழுதிக் காட்டினான்.

அக்காவும் தம்பியும் கச்சேரி ரோடு வழியாக நடந்தே சாந்தோம் வந்தார்கள். பஸ் வந்தது, லூயிசா ஏறவில்லை. நடக்க வேண்டும்போல இருந்தது. ஜெஃப்ரி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். தன் கால்கள் தரையில் அழுத்தமாகப் பதிவதை அவளே கவனித்தாள். இத்தனை நாள் இதே ரோட்டில் வேறு யாரோ நடந்த மாதிரி இருந்தது.

அப்பா பவுல்சாமி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாரிஷ் ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்து போன வருடம்தான் ரிடையர் ஆனவர். மகளின் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை இறக்கினார்.

"என்னம்மா, ஜெயிச்சிட்டியா?"

"இந்த ஆட்டத்துல ஜெயிக்கிறது தோக்குறதெல்லாம் இல்லப்பா."

"பின்ன ஏன் மூஞ்சி கப்பு வாங்கினவ மாதிரி இருக்கு?"

லூயிசா சிரித்துவிட்டாள். படியில் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு, நாகம், துடுப்பு, தேசம்மா. பவுல்சாமி ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார்.

"இதெல்லாம் நீயா சொன்ன? அங்க உக்காந்தே?"

"ஆமாப்பா. நான்தான்."

அப்படிச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இல்லை. இன்னொரு தரம்கூடச் சொல்லலாம்போல இருந்தது.

"சரி, அந்த அதிகாரி? துடுப்பெல்லாம் போச்சு, பாம்பும் போச்சு. அவன் சும்மா இருப்பானா?"

லூயிசா அதைப் பற்றி நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. கால்களை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அப்பாவின் கேள்வியை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"எப்படிப்பா சும்மா இருப்பான்?" என்று ஆரம்பித்தாள்.